தவணை: தோட்டத்து மக்கள் கொடுத்த கடன்

‘தவணை’ என்றதும் இன்றைக்கு நமக்கு நினைவுக்கு வருவது கடன்தான். மோட்டார் தவணை, வீட்டுத் தவணை, கைப்பேசித் தவணை. சம்பளம் வந்த மறுநாளே கையை விட்டுப் போகிற காசு. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் ரங்கூனிலும் பினாங்கிலும் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. நகரத்தார் பெட்டியடிகளில் தவணை என்பது ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்காமல் விட்டுவைக்கிற பணம். இரண்டு மாதம் அல்லது மூன்று மாதம். காலம் முடிந்ததும் வட்டி அசலோடு சேரும். அடுத்த தவணை தொடங்கும். இன்று வங்கியில் ‘நிரந்தர வைப்பு’ என்றும் ‘எஃப்.டி.’ என்றும் நாம் சொல்வதைத் தமிழர்கள் முன்பே தங்கள் சொல்லில் செய்துகொண்டிருந்தார்கள்.

வட்டி எவ்வளவு என்பதைத் தனி ஆள் தீர்மானிக்கவில்லை. பர்மாவில் தமிழ் மாதம் 16ஆம் தேதி ரங்கூன் முகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் கூடி, அந்த மாதத்து விகிதத்தை முடிவு செய்தார்கள். முருகன் சன்னதியில் வட்டி விகிதம் பேசிய வங்கியாளர்கள் என்று இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. போட்ட பணம் திரும்பி வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? அந்த முறையில் இதற்கு இருந்த பதில், ‘விலாசம்’. ஒரு கடையின் பெயருக்கு முன்னால் நிற்கிற இரண்டு மூன்று எழுத்துகள். அந்த எழுத்துகளுக்குக் கெட்ட பெயர் வந்தால் குடும்பத்துக்கே நாட்டரசன்கோட்டையிலும் காரைக்குடியிலும் தலைநிமிர முடியாது. சட்டம் தராத பாதுகாப்பை ஊர்வாய் தந்தது.

அது உண்மையான பாதுகாப்புதான். ஆனால் ஊருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது எந்த விலாசத்தாலும் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புவது இந்த ஒரே கேள்வியைத்தான்: போட்ட காசுக்கு யார் பொறுப்பு? அதை கிட்டங்கியில் உட்கார்ந்து கேட்பதைவிட, நான் பிறந்த ரிங்லெட்டின் தேயிலை மலையில் நின்று கேட்டால் வேறு மாதிரிப் பதில் கிடைக்கிறது.

மலையில் ஒரு கணக்கு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அதை ஒட்டிய மலைச்சரிவுகளில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, செடி நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தொடங்கிய நேரம் நல்ல நேரம் இல்லை. அதே ஆண்டுதான் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அதற்குச் சற்று முன்பு வரை மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எளிதில் போய்ச் சேர முடியாத இடங்களில் கொஞ்சம் கூடுதல். மந்தம் வந்ததும் அந்தக் கூலியையும் குறைத்தார்கள்.

நம்முடைய வரலாற்று நூல்களில் தோட்டத் தமிழர் பெரும்பாலும் கடன்காரராகவே வருகிறார். கங்காணியிடம் வழிச்செலவுக்கு முன்பணம், சாமான் கடையில் பாக்கி, திருவிழாவுக்குக் கடன், கள்ளுக்கடையில் கடன். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்து, கங்காணி ஆள்சேர்ப்பு நின்ற பிறகும் அந்தச் சித்திரம் மட்டும் நிற்கவில்லை. நாவலிலும் சிறுகதையிலும் அதே ஆள் வருகிறார். அது பொய் என்று நான் சொல்லவில்லை. பாதிதான் என்கிறேன். ஏனென்றால் அதே ஆள் சேர்த்தும் வைத்தார். அந்தக் கதையை யாரும் பெரிதாக எழுதவில்லை.

எதில் சேர்த்தார்கள்? முதலில் தங்கம். என் பாட்டியிடம் பேங்க்கைப் பற்றிக் கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். தங்கத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் கிராணியின் கையெழுத்தும் வேண்டாம், துரையின் அனுமதியும் வேண்டாம். இரண்டாவது, தபால் நிலையம். ஊருக்கு மணியார்டர் அனுப்புவதும், மிஞ்சினால் தபால் நிலைய சேமிப்பு வங்கியில் போடுவதும். அந்தச் சேமிப்பு வங்கியின் வாரிசுதான் 1974 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய பேங்க் சிம்பானான் நேஷனல்.

மூன்றாவது, கூட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் பத்து வெள்ளி போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிற சீட்டு. நம்மிடமிருந்து போன இந்தச் சொல்லை மலாய்க்காரர்களும் தங்கள் பேச்சில் வைத்துக்கொண்டார்கள். அதைத் தடை செய்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது: 1971ஆம் ஆண்டு கூட்டு நிதி தடைச் சட்டம். சட்டம் வந்தும் லயத்தில் கூட்டு நிற்கவில்லை. பாட்டி சொல்வார்: “பேங்க்காரன் மூஞ்சிய நாம பாத்திருக்கோமா? இவ மூஞ்சிய தெனமும் பெரட்டுல பாக்கறோம்ல.”

பாட்டியின் அந்த வாக்கியத்தில் செட்டியாரின் விலாசத்தில் இருந்த தர்க்கமே இருக்கிறது. தெரிந்த முகம்தான் உத்தரவாதம். முகம் இடம் மாறிப் போனாலோ, நோயில் விழுந்தாலோ, உத்தரவாதமும் கூடவே போய்விடும்.

வாழைமரத் தாள்

முகத்தை நம்பாமல் அரசாங்கத்தை நம்பினால் போதுமா? அதற்கும் மலாயாவில் ஒரு பாடம் இருக்கிறது. ஜப்பானிய ஆட்சி 1942 முதல் 1945 வரை தன் சொந்த நோட்டை அச்சடித்தது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரத் தாள் என்றார்கள். பின்னாளில் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர்கள் அடுப்பெரித்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

ஆக, அரசு என்ற பெயர் மட்டும் போதாது. அந்த அரசு நாளைக்கும் இருக்குமா, எந்தக் காசில் திருப்பித் தரும், எழுதிக் கொடுத்ததை மதிக்குமா என்ற கேள்விகள் கூடவே வருகின்றன. குறைந்த ஆபத்துள்ள சேமிப்பு என்று இன்று விளம்பரங்கள் சொல்வதன் உள்ளே இந்த மூன்று கேள்விகளும் இருக்கின்றன.

1951: சட்டத்தில் ஒரு வரி

1951 அக்டோபர் 1ஆம் தேதி மலாயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவசரகால ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரம். அந்த மாதமே பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தின் நடுவில் வந்த இந்தச் சட்டம் உலகத்தின் மிகப் பழைய கட்டாய சேமநிதிகளில் ஒன்று. இந்தியாவின் சேமநிதிச் சட்டம் 1952இல் வந்தது, சிங்கப்பூர் நிதி 1955இல், இலங்கையினுடையது 1958இல்.

ஏற்பாடு எளிமையானது. தொழிலாளியின் சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயது வரை தொட முடியாது. வருடா வருடம் இலாப ஈவு சேரும். அந்த ஈவு 2.5 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதற்குச் சட்டத்தில் இன்றுவரை இடம் இருக்கிறது. 1952 முதல் 1959 வரை சரியாக அந்த 2.5தான் கொடுத்தார்கள். 1960இல் 4 ஆனது, 1976இல் 7, 1983 முதல் 1987 வரை 8.5. அதுதான் உச்சம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 100 வெள்ளி, முப்பது வருடம் சம்பள உயர்வே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 வெள்ளி வீதம் போட்ட பணம் 3,600 வெள்ளி. வருடத்துக்கு 2.5 விழுக்காடு மட்டும் கிடைத்தாலும் அது ஏறத்தாழ 5,270 ஆகும். 6 விழுக்காடு கிடைத்தால் 9,480ஐத் தாண்டும். கூட்டுவட்டியில் முக்கியமானது விகிதம் மட்டும் அல்ல, காலமும்தான். முப்பது வருடம் கை வைக்காமல் இருக்கிற மன உறுதி யாருக்கும் சுலபமாக வராது. இங்கே அதைச் சட்டமே செய்து கொடுத்தது. இலக்கணப்படி பார்த்தால் இது நிரந்தர வைப்பு இல்லை, சேமநிதி. ஆனால் காலம் குறித்தது, முன்கூட்டி எடுக்க முடியாதது, குறைந்தபட்ச வருமானம் எழுதி வைத்தது என்ற மூன்று குணங்களாலும் தோட்டத்து மக்களுக்குக் கிடைத்த முதல் பெரிய தவணை வைப்பு இதுதான்.

அந்தப் பணம் எங்கே போனது? சேமநிதி தன் முதலீட்டில் குறைந்தது 70 விழுக்காட்டை அரசாங்கப் பத்திரங்களில் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு விதி இருந்தது. அதாவது தொழிலாளியின் பணத்தை வாங்கி வைத்த நிதி, அதை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்தது. அரசு அதில் சாலை போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது. வட்டியை நிதிக்குக் கட்டியது. நிதி அதை ஈவாகத் தொழிலாளியின் பெயரில் எழுதியது.

இந்த இடத்தில்தான் நம் சித்திரம் தலைகீழாகிறது. கங்காணிக்குக் கடன்பட்டவர் என்று நாம் படித்த அதே ஆள், 1952 முதல் ஒரு நாட்டுக்குக் கடன் கொடுத்தவர். அதை அவருக்கு யாரும் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ என்றுதான் போட்டிருந்தது.

ரிங்லெட்டிலேயே இதற்கு ஓர் ஒப்பீடு இருக்கிறது. 1958இல் மலாயாவுக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடன் கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்குத்தான்: 35.6 மில்லியன் அமெரிக்க டாலர். 1963இல் சுல்தான் அபூபக்கர் அணை முடிந்தது. ரிங்லெட் ஏரி உருவானது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் ஏரி அதுதான். உலக வங்கி அரசு அல்லாத எவருக்கும் கடன் கொடுக்கும்போது அந்நாட்டு அரசின் உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கும். அது அதன் சாசனத்திலேயே இருக்கிறது. வாஷிங்டனில் இருந்த கடன்காரர் ‘யார் பொறுப்பு’ என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். ஏரிக்கு மேலே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கடன்காரருக்கும் அதே மாதிரி ஒரு வரி சட்டத்தில் இருந்தது. அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐம்பத்தைந்து

காலக்கெடுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் மலாயாவில் பிறக்கும் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 56 வருடம். குழந்தை இறப்புகள் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கும் என்பது உண்மைதான். இருபது வயதைத் தாண்டியவர்கள் அதைவிட நெடுநாள் வாழ்வார்கள். ஆனாலும் 55 வயதில் முதிர்கிற ஒரு வைப்பு, மலைக் குளிரில் முதுகில் கூடை சுமந்த உடம்புக்குக் கிட்டத்தில் இருந்த தேதி அல்ல. எத்தனையோ பேருக்கு அந்தப் பணத்தை வாரிசுகள்தான் வாங்கினார்கள். அதனால் சேமநிதியில் வாரிசுப் பெயர் எழுதி வைப்பது வெறும் படிவ வேலை இல்லை. எழுதாமல் போனவர்களின் குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் வீடு. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் போட்டால்தான் அங்கே இருக்க முடியும். ஆகவே 55 என்பது பணம் வருகிற வயது மட்டும் இல்லை, வீடு போகிற வயதும்கூட. சேமநிதிப் பணம் ஒரு கையில் வர, மறு கையில் கூரை போனது. முப்பது வருட சேமிப்பு ஒரு கம்பத்து வீட்டின் முன்பணமாக மாறியதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். வட்டி விகிதம் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. சேமிப்பு எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, முதிர்ச்சி நாளில் வாழ்க்கை அதனிடம் என்ன கேட்டது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிலருக்கு அந்தத் தவணை திடீரென்று பாதியிலேயே முடிந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவர் சேமநிதியை முழுதாக எடுக்கலாம் என்று விதி இருந்தது. பினாங்கில் ‘ரஜுலா’ கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் மடியில் இருந்தது அந்தக் காசு. உத்தரவாதம் அங்கேயும் வேலை செய்தது: கணக்கில் இருந்தது கைக்கு வந்தது. பிறந்து வளர்ந்த நாட்டில் தங்குவதற்கு அப்படி ஒரு உத்தரவாதம் யாரும் எழுதித் தந்திருக்கவில்லை.

பத்து வெள்ளியும் ஒரு வெள்ளியும்

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதன் விளைவுகளை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து 1963இல் அறிக்கை தந்தார். இதற்கு எதிராக 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நீங்கள் வேலை செய்யும் மண்ணை நீங்களே வாங்கலாம் என்று கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம்தான் சங்கம் வாங்கிய முதல் தோட்டம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பத்து வெள்ளி வைப்புத்தொகை இல்லை, பங்கு. அதற்கு யாரும் குறைந்தபட்ச வட்டி எழுதித் தரவில்லை. ஆனால் பணத்துக்கு எதிரே கண்ணால் பார்க்கக்கூடிய நிலம் இருந்தது. ஆபத்து இருந்தது, அந்த ஆபத்துக்கு ஒரு முகவரியும் இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு அழைப்பு வந்தது. 1982இல் ம.இ.கா. முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. சுமார் 66,000 இந்தியர்கள் ஏறத்தாழ 106 மில்லியன் ரிங்கிட் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் அதில் உண்டு. இதுவும் பங்குதான், ஒரு வெள்ளிப் பங்கு. 1990இல் அரசு இந்தியர்களுக்காக ஒதுக்கிய ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் பத்து லட்சம் மட்டுமே மைக்காவுக்குப் போய், மீதி மூன்று நிறுவனங்களுக்குப் போன விவகாரம் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 2010இல் பங்குகளை வாங்க முன்வந்த நிறுவனம் கொடுத்த விலை, பங்கு ஒன்றுக்கு 80 காசு.

ஒப்புக்கு ஒரு கணக்கு: 1984இல் ஒரு வெள்ளியை வருடம் 5 விழுக்காடு கூட்டுவட்டியில் போட்டு அப்படியே விட்டிருந்தால் 2010இல் அது மூன்றரை வெள்ளி ஆகியிருக்கும். அந்தக் காலகட்டத்தில் சேமநிதி கொடுத்த ஈவு பல ஆண்டுகளில் இதைவிட அதிகம். இதைச் சொல்வது யாரையும் கேலி செய்வதற்காக இல்லை. பங்கில் போடுகிறவர் ஏறவும் இறங்கவும் தயாராக இருக்கிறார். அது நியாயமான வழி. ஆனால் தோட்டத்து மேடையில் ‘நம்ம பணம், நம்ம கம்பெனி, நம்ம ஆளு’ என்று சொல்லப்பட்டபோது, கேட்டவர்களின் காதில் அது வைப்பாகவே விழுந்தது. பாட்டியின் ‘மூஞ்சி’ தர்க்கம் திரும்ப வந்தது. இந்த முறை முகம் மேடையில் இருந்தது, கையெழுத்துப் போட்ட தாளில் உத்தரவாதம் என்ற சொல் இல்லை.

இது தமிழருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1986 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வைப்புத்தொகை வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களை பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 1.5 பில்லியன் ரிங்கிட் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், சின்னச் சின்ன வியாபாரிகள், சம்பளக்காரர்கள். அங்கே பெயர் ‘வைப்பு’ என்றே இருந்தது. வட்டியும் வங்கியைவிடக் கூடுதல். ஆனால் வங்கிகளின் மேல் இருந்த கண்காணிப்பு அந்தச் சங்கங்களின் மேல் இல்லை. பெயர் வைப்பாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணுக்கு உத்தரவாதம், அரிசிக்கு இல்லை

இவ்வளவுக்கும் பிறகுதான் இன்றைய ஏற்பாடு வந்தது. 2005இல் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் தொடங்கியது, எல்லோரும் பி.ஐ.டி.எம். என்று சொல்வது அதைத்தான். முதலில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 60,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு. 2008 அக்டோபரில் உலக நிதி நெருக்கடியின்போது எல்லா வைப்புகளுக்கும் அரசு முழு உத்தரவாதம் கொடுத்தது. அது 2010 டிசம்பர் வரை நீடித்தது. அதன் பிறகு வரம்பு 250,000 ரிங்கிட்.

உங்களில் பலர் இப்போதுதான் முதல் வேலைக்குப் போயிருப்பீர்கள். நிரந்தர வைப்பின் வேலை முறை இவ்வளவுதான்: மூன்று மாதமோ ஒரு வருடமோ இந்தப் பணத்தைக் கேட்க மாட்டேன் என்று நீங்கள் வங்கிக்குச் சொல்கிறீர்கள், அந்த நிச்சயத்தை வைத்து வங்கி வெளியே கடன் கொடுக்கிறது, அதற்காக உங்களுக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கைவிடக் கூடுதல் வட்டி தருகிறது. நடுவில் எடுத்தால் அசல் வரும், வட்டி போய்விடும். வங்கியே கவிழ்ந்தாலும் வரம்பு வரை காப்புறுதிக் கழகம் தரும். ரங்கூன் கோயிலில் விகிதம் பேசியவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இருக்காது, கடைசி வாக்கியத்தைத் தவிர.

ஆனால் உத்தரவாதம் எதைத் தொடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1974இல் மலேசியாவில் விலைவாசி 17.3 விழுக்காடு ஏறியது. எண்ணெய் நெருக்கடி உலகம் முழுவதையும் உலுக்கிய நேரம் அது. அந்த வருடம் சேமநிதி கொடுத்தது 6.6 விழுக்காடு. புத்தகத்தில் தொகை கூடியது, அதே தொகைக்குக் கிடைத்த அரிசி குறைந்தது. சட்டம் காப்பாற்றுவது எண்ணை. அந்த எண்ணுக்குக் கடையில் என்ன கிடைக்கும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. பாட்டி காதைத் தொட்டுக் காட்டியதில் இந்தப் பயமும் இருந்திருக்கும்.

வரியைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சேமநிதியின் வழக்கமான கணக்குக்கு 2.5 விழுக்காடு உறுதி. 2017இல் வந்த ஷரியா சேமிப்புக்கு அந்த உறுதி கிடையாது. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே முகப்பு, ஒரே கைப்பேசிச் செயலி. ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்பதில்லை. வித்தியாசம் ஒரு வரியில் இருக்கிறது.

தவணையை உடைப்பதற்கும் விலை உண்டு. கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சேமநிதியிலிருந்து சிறப்பு அனுமதியில் 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. வேலை போன வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்; எடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வறியவர்கள் தங்கள் முதுமையிடமிருந்தே கடன் வாங்கித்தான் நெருக்கடியைக் கடந்தார்கள் என்பதை வரலாறு எழுதும்போது மறந்துவிடக் கூடாது. அந்தக் கடனுக்குத் தவணை அட்டவணை கிடையாது.

இரண்டு விழுக்காடு

இன்று ரிங்லெட் பக்கம் போனால் தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். வேலையோடு ஒட்டிய அறையில் தங்குகிறார்கள். 1930களின் அறிக்கையைப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகியிருக்கிறது. வீட்டு வேலையாட்கள் மட்டும் இதில் இல்லை. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. உள்ளூர்க்காரருக்குப் பிடிப்பது 11, முதலாளி தருவது 12 அல்லது 13. 1951இல் எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் ஆரம்பித்ததே ஐந்தும் ஐந்தும்தான். இது அதிலும் பாதிக்குக் கீழே. நாடு திரும்பும்போது அவர் இதை எடுத்துக்கொண்டு போவார், 1970இல் ரஜுலாவில் ஏறியவர்கள் மாதிரி.

அந்த இரண்டு விழுக்காட்டைப் பற்றி உணவுக்கடையில் சலித்துக்கொள்கிற நம் ஆட்கள் உண்டு. “வந்தவனுக்கெல்லாம் எதுக்கு இ.பி.எஃப்.?” என்று கேட்கிறார்கள். ஒரு காலத்தில் வந்தவர்கள் நாம். நம்மிடமும் பிடித்தம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நாமும் அது ஒரு நாட்டுக்குக் கொடுத்த கடன் என்று தெரியாமலே கொடுத்தோம். இப்போது கொழுந்து எடுப்பவருக்கு அவருடைய சம்பளச் சீட்டில் இருக்கும் அந்த வரியை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட ஆள் வேண்டும். அதில் யார் எவ்வளவு போடுகிறார், எப்போது எடுக்கலாம், வாரிசாக யார் பெயரை எழுதுவது என்று சொல்ல வேண்டும். எங்கள் லயங்களில் அதைச் செய்ய நெடுநாள் யாரும் இல்லை. அவருடைய தவணை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.